நாலாம் பெட்டி வரைக்கும்

வெயில் அடிக்கிற நாளில் குடை பிடித்துக்கொண்டு பூ வயலில் நடக்கிறவளைப் பார்த்தால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆஃப்கே அதற்கெல்லாம் பழகிப்போனவள். ரோட்டோரம் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களின் போன்களில் அவளுடைய முதுகு மட்டும் சில ஆயிரம் தடவை பதிந்திருக்கும்.

குடை அவளுக்காக இல்லை, இலைக்காக. ட்யூலிப் செடிக்கு வைரஸ் வந்தால் இலையில் வெளிறிய கோடுகள் விழும். நேர் வெயிலில் அது கண்ணுக்குப் படாது, நிழல் விழுந்தால்தான் தெரியும். இடது கையில் குடை, வலது கையில் நீளக் காம்பு போட்ட சிறு மண்வெட்டி, தோளில் பை. கெட்டதைக் கிழங்கோடு தோண்டிப் பையில் போட்டுவிட்டு அடுத்த அடி வைக்க வேண்டும். மார்ச் இருபதுவாக்கில் தொடங்கிய நடை, இன்றோடு ஐந்து வாரம் ஆகிறது. உலகமே பூவைப் பார்க்க வருகிறது. இவள் குனிந்து இலையைப் பார்த்தே நாற்பத்தொரு வயதுக்குள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

இன்று அவளுக்குக் கழுத்தைவிட மனசுதான் அதிகம் வலித்தது. காரணம் இதுதான். போன வாரம் சாப்பாட்டு மேசையில் அப்பா கெர்பிராண்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார், புதுப் பூவுக்கு மருமகள் ரென்ஸ்கேயின் பெயரை வைக்கப்போவதாக.

புதுப் பூ என்றால் லேசான விஷயம் இல்லை. கெர்பிராண்ட் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் விதை போட்டு, ஆறு வருஷம் கழித்து முதல் பூவைப் பார்த்து, ஒரு கிழங்கை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, இன்றைக்கு ஒரே ஒரு பாத்தி வரை கொண்டுவந்திருக்கிற பூ. மோர் நிறம். வருகிற சனிக்கிழமை ஊரைக் கூட்டி, யார் பெயரோ அவர் கையாலேயே பூவின் மேல் ஷாம்பெயின் ஊற்றிப் பெயர் சூட்டுவார்கள்.

ரென்ஸ்கே இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். நகரத்திலேயே தங்கிவிடுவான் என்று எல்லோரும் கைகழுவிவிட்ட தம்பி லூபெர்ட்டை வயலுக்குத் திருப்பி அழைத்து வந்தவள் அவள்தான். அந்த நன்றி கெர்பிராண்டுக்கு. ஆஃப்கே எங்கேயும் போகவில்லை, அதனால் திரும்பி வரவும் இல்லை. இருக்கிற இடத்திலேயே இருக்கிறவளுக்கு யார் நன்றி சொல்லுவார்கள்?

அவள் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. வாழ்த்துகூடச் சொன்னாள். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

காலை ஒன்பதரைக்கு அப்பாவின் பாத்திக்குள் இறங்கினாள். இரண்டு மணிக்கு ஆய்வாளர் வருகிறார். அவர் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் இந்தக் கிழங்கு வெளியே போகலாம். அதற்கு முன்னால் கடைசியாக ஒரு நடை நடக்க வேண்டியதுதான் பாக்கி.

பாத்தியின் தலைப்பில் '1' என்று பென்சிலில் எழுதிய குச்சி நின்றது. கோடையில் தோண்டிய கிழங்கை எத்தனையாவது பெட்டியில் போட்டாரோ, அதே வரிசையில்தான் இலையுதிர் காலத்தில் திரும்ப நடுவார் கெர்பிராண்ட். ஒன்பது பெட்டி, ஒன்பது குச்சி. ஒன்றில் இருப்பது இரண்டில் கலக்கக் கூடாது. கிழவரின் கிறுக்கு என்று லூபெர்ட் கேலி செய்வான்.

குடையைச் சாய்த்தாள். முதல் செடியின் இலையிலேயே கோடு தெரிந்தது.

கண் அசதியாக இருக்கும் என்று இமையைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். கோடு அப்படியே இருந்தது. அதற்கடுத்த இரண்டு செடிகள் சுத்தம். நாலாவதில் மறுபடியும் கோடு.

போன வாரம் குளிரில் இலை விறைத்து நின்றது, எதுவும் தெரியவில்லை. இரண்டு நாள் வெயில் இப்போது எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் பெட்டியில் மூன்றுக்கு ஒன்று கெட்டிருந்தது. இரண்டாவதில் ஐந்துக்கு ஒன்று. மூன்றாவதில் இன்னும் குறைவு. நாலாவதில் மொத்தமே ஆறு செடி. ஐந்தாவது பெட்டியில் ஒன்றுகூட இல்லை. ஒன்பது வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். ஐந்திலிருந்து ஒன்பது வரை இலைகள் கழுவிவிட்டது போல் பச்சையாக இருந்தன.

அவள் எதையும் தோண்டவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, சிலை மாதிரி நிக்கிற? டூரிஸ்ட்டுக்கு போஸ் குடுக்குறியா?"

லூபெர்ட் வாய்க்காலைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். நாளைக்கு நாட்டு ராஜாவின் பிறந்தநாள், ஊரே ஆரஞ்சு உடுத்துகிற நாள் என்பதால் இன்றைக்கே ஆரஞ்சுத் தொப்பி.

"இங்க வா. இதப் பாரு."

குனிந்து பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு? நிழல்ல பாரு. இது ஒண்ணு, அது ஒண்ணு. நாலாம் பெட்டி வரைக்கும் இருக்கு."

லூபெர்ட் நிமிர்ந்தான். அவன் இலையைப் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

"சனிக்கிழமை பேரு வைக்கப் போறோம். இன்னைக்குத்தான் உன் கண்ணுக்கு இது தெரியுதா?"

"என்ன சொல்ற நீ?"

"ஒண்ணும் சொல்லல. உன் பேரா இருந்தா இவ்ளோ உத்துப் பாத்திருப்பியான்னு யோசிச்சேன், அவ்ளோதான்."

இருபது வருஷமாக இந்த வீட்டில் அவள் கண்ணை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அவளுக்கு அழுகை வந்தது. ஐந்து வார நடையில் அழுவதற்கான தெம்புகூட மிச்சமில்லாததால் அழவில்லை.

"அப்பாவக் கூப்பிடு," என்றாள்.

கெர்பிராண்ட் வந்தார். எழுபது வயது. ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று வரிசையில் காத்திருக்கிறது. மோர் நிறப் பூவை உண்டாக்கியவருக்கே இப்போது மோருக்கும் பாலுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அதனால் அவர் குனியவே இல்லை.

"எத்தனை?"

"ஒண்ணாம் பெட்டில மூணுக்கு ஒண்ணு. போகப்போகக் குறையுது. அஞ்சுலேர்ந்து ஒண்ணுமில்ல."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவ பாத்தேம்பா."

லூபெர்ட் குறுக்கே வந்தான். "ஆய்வாளரே வந்து பாக்கட்டும்பா. அவர் கண்ணுக்குப் படாமலும் போகலாம்ல?"

"உங்கக்கா கண்ணுக்குப் பட்டுடுச்சில்ல," என்றார் கெர்பிராண்ட். "அது போதும்."

அந்த ஒரு வார்த்தை ஆஃப்கேயை இதமாகத் தொட்டது. அடுத்த வார்த்தைக்கு அவள் தயாராக இல்லை.

"டிராக்டர எடு லூபெர்ட். சாயங்காலம் மொத்தப் பாத்தியையும் அழிச்சிடலாம்."

"மொத்தமுமா? அஞ்சு பெட்டி நல்லா இருக்கே."

"இன்னைக்கு நல்லா இருக்கு. அசுவினிப் பூச்சி உக்காந்து வந்த நோய்னா அது ஒன்பது பெட்டியிலயும் உக்காந்திருக்கும். பாதி இந்த வருஷம் காட்டும், பாதி அடுத்த வருஷம் காட்டும். எப்படி வந்துச்சுன்னு தெரியாத நோயோட ஒரு கிழங்கக்கூட நான் வெளிய அனுப்ப மாட்டேன்." மகள் பக்கம் திரும்பினார். "எப்படி வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா, ஆஃப்கே?"

"தெரியலப்பா."

அந்த நிமிஷம் அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அசுவினி என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க வேண்டும். இப்படி ஒரு பக்கம் அடர்ந்து, படிப்படியாகக் குறைந்து, கத்தியால் வெட்டியது போல் நிற்காது. ஆனால் யோசிக்க மூளை ஓடவில்லை.

கெர்பிராண்ட் பாத்தி ஓரமாக ஒருமுறை நடந்துபோய்த் திரும்பினார். ஒரு பூவின் கன்னத்தை விரலால் தொட வந்து, தொடாமல் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். பத்தொன்பது வருஷம் ஒரு மனிதரின் முதுகில் மொத்தமாக இறங்குவதை ஆஃப்கே பார்த்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மேசைக்கு வந்தன. லூபெர்ட் தொப்பியைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தான்.

ரென்ஸ்கே கடைசியாக உள்ளே வந்தாள். அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள். கண் சிவந்திருந்தது. நேராகக் குழாயடிக்குப் போய்ச் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நகத்துக்கடியில் பிரஷ் விட்டு, பொறுமையாகக் கழுவினாள்.

"ஆபரேஷனுக்கா போற? ரொட்டி திங்கத்தான?" என்றான் லூபெர்ட், பழக்க தோஷத்தில்.

"பல் டாக்டர்கிட்ட ஏழு வருஷம். கை தானாப் போகுது," என்றாள் அவளும், தினமும் சொல்கிற அதே பதிலை.

முதல் நாளிலிருந்து இந்தக் கேலி உண்டு. ஆஃப்கேயின் கையிலிருந்த கத்தி பாலாடைக்கட்டியின் மேல் நின்றது.

போன வருஷம், மே முதல் வாரம். பூத்து முடிந்த பூக்களைக் கிள்ளிப் போடுகிற நேரம். தலையைக் கிள்ளினால்தான் சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்கும். பெரிய வயலுக்கு மெஷின் போகும், அப்பாவின் பாத்திக்குக் கைதான். அன்று காலை ஆஃப்கேயும் ரென்ஸ்கேயும் குத்தகை நிலத்தில் இருந்தார்கள். ஊதாப் பூ நிலம், முழுக்க நோய். கெட்ட செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கையெல்லாம் நோய் பரப்பும் சாறு. பத்து மணிக்கு ஆஃப்கே நிமிர்ந்து, "நீ போய் அப்பா பாத்தில தலை கிள்ளு" என்று சொல்லி அனுப்பினாள்.

வாய்க்கால் ஓரத்தில் சோப்பு வாளி இருந்தது. நோய் நிலத்திலிருந்து வெளியே வந்தால் முதல் வேலை அந்த வாளியில் கையை விடுவது. இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே பழகிவிடுகிற காரியம். எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. வந்து ஆறே மாதம் ஆகியிருந்த ரென்ஸ்கேக்கு அது பூட்ஸ் கழுவுகிற வாளி.

கையில் சாறோடு ஒன்றாம் பெட்டியில் தொடங்கியிருக்கிறாள். போகப் போகச் சாறு காய்ந்து குறைந்திருக்கிறது. நாலாம் பெட்டி முடியும்போது சாப்பாட்டு மணி. வீட்டுக்கு வந்து இதே குழாயில் முழங்கை வரை கழுவியிருக்கிறாள். மத்தியானம் ஐந்தாவதில் தொடங்கும்போது அந்தக் கை இந்த ஊரிலேயே சுத்தமான கை.

ஐந்து பெட்டியும் பிழைக்கும். அப்பா கேட்ட கேள்விக்கு இப்போது அவளிடம் பதில் இருக்கிறது.

அதைச் சொல்லாமலும் இருக்கலாம். சொல்லாவிட்டால் சாயங்காலம் டிராக்டர் ஓடும். சனிக்கிழமை இல்லை, ஷாம்பெயின் இல்லை, ரென்ஸ்கே என்ற பெயரில் உலகத்தில் ஒரு பூவும் இல்லை. பழி அசுவினியின் மேல் போய்விடும். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது அவளுக்குச் சுகமாக இருந்தது. அப்புறம் தன்னை நினைத்துக் கூசியது.

கெர்பிராண்ட் போனை எடுத்தார். "ஆய்வாளர வர வேணாம்னு சொல்லிடறேன்."

"வெச்சிடுங்கப்பா," என்றாள் ஆஃப்கே. "அசுவினி இல்ல. கைல வந்தது."

"யாரு கைல?"

அவள் வாயெடுப்பதற்குள் ரென்ஸ்கே பேசினாள். "போன வருஷம் அந்தப் பாத்தியக் கிள்ளினது நான்தான்."

லூபெர்ட் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"இதுக்குத்தானா? காலைலேர்ந்து இதுக்குத்தானா சுத்தி வந்த? என் பொண்டாட்டி தலையிலயா போடப் பாக்குற?"

"உக்காரு லூபெர்ட். என் தலையிலதான் போடறேன்." குரல் தன்னுடையதாகவே அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவு சோர்ந்திருந்தது. "ஊதா நிலத்துலேர்ந்து அவள நேரா அங்க அனுப்பினது நான். கைய வாளில விட்டுட்டுப் போன்னு சொல்லணும். சொல்லல. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கை கழுவினா பாரு, அதனாலதான் அஞ்சு பெட்டி தப்பிச்சிருக்கு. இவ கழுவுறதப் பாத்து ஒன்றர வருஷமாச் சிரிச்சிட்டிருக்கோம்."

கெர்பிராண்ட் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"மறந்துட்டியா?"

"ரொம்பக் களைப்பா இருந்தேம்பா."

அது உண்மைதான். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பது மேசையில் இருந்த நாலு பேருக்கும் தெரிந்தது. கெர்பிராண்ட் எழுந்து பூட்ஸைத் தேடினார்.

முதல் நாலு பெட்டிச் செடிகளையும் அவரே தோண்டினார். நல்லது கெட்டது பார்க்கவில்லை. பூவோடும் கிழங்கோடும் வாரி டிரெய்லரில் போட்டார். லூபெர்ட் உதவப் போனபோது கையை ஆட்டி விலக்கினார். மோர் நிறப் பூக்கள் டிரெய்லரில் குவிந்து கிடந்தன. ரோட்டில் நின்ற யாரோ அதையும் படம் எடுத்தார்கள்.

இரண்டு மணிக்கு ஆய்வாளர் டாம்ஸ்ட்ரா வந்தார். கறுப்புக் குடை, தேய்ந்த பூட்ஸ், காலையிலிருந்து ஏழாவது வயல். நடந்ததைக் கெர்பிராண்ட் ஒளிக்காமல் சொன்னார். டாம்ஸ்ட்ரா ஐந்தாம் பெட்டியிலிருந்து ஒன்பது வரை மூன்று முறை நடந்தார். அவர் குனிந்த போதெல்லாம் ஆஃப்கேயும் கூடவே குனிந்து பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றார் கடைசியில். "பூக் கிள்றதுக்கு முன்னாடி இன்னொரு தடவ வந்து பாக்கறேன். பாதிய எடுத்துட்டு நிக்கிறீங்க, எத்தன பேரு இதச் செய்வாங்க." காகிதத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். "பூவுக்கு என்ன பேரு?"

காப்பிக் குவளைகளோடு ரென்ஸ்கே அப்போதுதான் பாத்திக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

கெர்பிராண்ட் மருமகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கண்ணில் வெயில் பட்டதோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னும் வைக்கல," என்றார். "அந்த இடத்த காலியா விடுங்க."

டாம்ஸ்ட்ரா அப்படியே விட்டார். ரென்ஸ்கே குவளைகளைச் சிந்தாமல் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

நாலு மணிவாக்கில் ஆஃப்கே அடுத்த பாத்தியில் நடந்துகொண்டிருந்தாள். அப்பாவின் பாத்தி முடிந்தது என்பதற்காக வேலை முடிந்துவிடுமா? இன்னும் பதினேழு பாத்தி பாக்கி. கடல் பக்கமிருந்து காற்று கிளம்பிக் குடையை இழுத்தது. கை ஓய்ந்து குடை சரிந்தபோது யாரோ அதைப் பிடித்து நிமிர்த்தினார்கள்.

ரென்ஸ்கே நின்றாள். குடையை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டாள். நிழல் இலையின் மேல் சரியாக விழுந்தது.

இரண்டு பேரும் பத்தடி நடந்தார்கள். ஆஃப்கே ஒரு செடியைத் தோண்டிப் பையில் போட்டாள். மறுபடி பத்தடி நடந்தார்கள்.

"அக்கா."

"சொல்லு."

"அன்னைக்கு நான் வாளியத் தாண்டிப் போனேன். போறப்போ திரும்பிப் பாத்தேன். நீங்க என்னையே பாத்துட்டு நின்னீங்க."

ஆஃப்கே மண்வெட்டியை மண்ணில் இறக்கியிருந்தாள். அதை எடுக்கவில்லை.

"மாமா முன்னாடி களைப்புன்னு சொன்னீங்க. அவருக்கு அது போதும். எனக்குப் போதல. நிஜமாவே மறந்துட்டீங்களா, இல்ல இவளே தெரிஞ்சிக்கட்டும்னு விட்டீங்களா?"

வாய்க்கால் ஓரம், கையில் ஊதாச் சாறு, வாளியைத் தாண்டிப் போகிற ஒருத்தியின் முதுகு. ஆஃப்கே அந்தக் காலையை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். கூப்பிட வாயைத் திறந்தது நினைவிருந்தது. ஏன் மூடிக்கொண்டாள் என்பது தெரியவில்லை. இலையில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள், இது அவளுக்குள்ளேயே இருந்தது.

"தெரியல ரென்ஸ்கே," என்றாள். "சத்தியமா எனக்கே தெரியல."

ரென்ஸ்கே கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. களைப்புதான் இருந்தது, அவள் முகத்திலும்.

குடையை மடக்காமல் ஆஃப்கேயின் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள். "அந்தப் பேரு எனக்கு வேணுமா வேணாமான்னு நான் அதுக்கப்புறம்தான் சொல்லுவேன்."

வாய்க்காலைத் தாண்டும் இடத்தில் நின்று, குனிந்து, இரண்டு கையையும் சோப்பு வாளிக்குள் முழங்கை வரை விட்டுக் கழுவிவிட்டுத்தான் அவள் போனாள்.